மழை வந்தால் கொடுத்து வைத்தவர்கள்: நியூசிலாந்துப் பயணம், வாசகர் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் பன்னிரண்டு நாள் காரில் சுற்றி வந்ததைப் போன இதழில் எழுதியிருந்தேன். கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து கிளம்பி டெகாபோ ஏரி, மவுண்ட் குக், வனாகா, குயின்ஸ்டவுன், டெ அனாவ், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்டு, மானபோரி வரை போய்த் திரும்பினோம். போனது டிசம்பர் முதல் இரண்டு வாரம். அங்கே அப்போதுதான் கோடை தொடங்குகிறது. அவர் பொள்ளாச்சி - வால்பாறை தடத்தில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் அரசுப் பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்தவள். வந்த கடிதங்களில் பலரும் கேட்டிருந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு 59 வயது, கணவருக்கு 63. போடிமெட்டு வழியாக மூணாறுக்கு அவரே கார் ஓட்டிப் போவார். ஆனால் வெளிநாட்டு மலைப்பாதையில் நாங்களே ஓட்டிப் போவது சரியாக வருமா, டீச்சர்?
*- வாசகி, தேனி*

போடிமெட்டு ஏறி இறங்குகிறவருக்கு அந்த மலைகளால் பயமில்லை. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். உரிம அட்டையில் விவரம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும், மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பழக வேண்டியது ஒற்றைவழிப் பாலங்களுக்குத்தான். நல்ல நெடுஞ்சாலை போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு ஆற்றின் மேல் ஒரே ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாலம் குறுகிவிடும். சிவப்பு வளையம் போட்ட வட்டப் பலகையில் நம் திசையில் சின்னச் சிவப்பு அம்பு இருந்தால் நாம்தான் நிற்க வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு நம் திசையைக் காட்டினால் முதலில் போகும் உரிமை நமக்கு. அப்போதும் எதிரே வண்டி ஏறிவிட்டதா என்று பார்த்துத்தான் போக வேண்டும். முதல் பாலத்தில் நாங்கள் நின்று வழிவிட்டபோது எதிரே வந்த லாரிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம லைன்லயும் இப்படித்தானம்மா கையைத் தூக்குவோம்" என்றார்.

ஊருக்கு வெளியே வேக எல்லை 100 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவுமில்லை. கூரான வளைவுகளுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் 35, 45 என்று எண் போட்டிருப்பார்கள். அதை மதித்து நடங்கள். பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் இடம் பார்த்து ஒதுங்கி விட்டுவிடுங்கள். ஹாரனுக்கு வேலையே இல்லை. பன்னிரண்டு நாளில் அவர் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

இன்னொன்று. வாடகைக் காரைக் கையில் வாங்கும்போது வைப்பர் ரப்பரைத் தடவிப் பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த வண்டியில் அது தேய்ந்து நூலாகிக் கிடந்தது. டிப்போவில் லாக் ஷீட் வாங்கும்போது பார்ப்பது போலவே இவர் சுற்றி வந்து பார்த்து, மாற்றிக் கொடுத்த பிறகுதான் சாவியை வாங்கினார். மில்ஃபோர்டு பாதையில் அந்த வைப்பர்தான் எங்களைக் காப்பாற்றியது.

எங்களுக்குக் குயின்ஸ்டவுனில் மூன்று நாள்தான். அங்கிருந்து மில்ஃபோர்டுக்குக் காலையில் போய் இரவே திரும்பிவிடலாம் என்கிறார்கள். போதுமா?
*- வாசகர், சேலம்*

போதாது. வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வரைபடத்தில் பார்த்தால் மில்ஃபோர்டு குயின்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். நடுவில் மலை குறுக்கே நிற்பதால் சாலை தெற்கே இறங்கி, டெ அனாவைச் சுற்றி, மறுபடி வடக்கே ஏறுகிறது. குயின்ஸ்டவுனிலிருந்து டெ அனாவுக்கு 170 கிலோமீட்டர், அங்கிருந்து மில்ஃபோர்டுக்குக் கிட்டத்தட்ட 120. எங்கும் நிற்காமல் ஓட்டினாலே போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். படகில் இரண்டு மணி நேரம் போய்விடும். களைத்துப்போய் இருட்டில் மலைப்பாதையில் திரும்புவீர்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த 120 கிலோமீட்டரில் எங்குமே நிற்க மாட்டீர்கள்.

மூன்று நாளில் இரண்டு இரவை டெ அனாவுக்குக் கொடுங்கள். தெற்குத் தீவின் மிகப் பெரிய ஏரியின் கரையில் இருக்கிற சின்ன ஊர். அங்கேயே பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு, பயணப் பேருந்துகள் குயின்ஸ்டவுனிலிருந்து வந்து சேரும் முன்பே காலை ஆறரைக்குக் கிளம்பிவிடலாம். ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். அதனால் சாலை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். மே முதல் நவம்பர் வரை பனிச்சரிவு அபாயக் காலம். அப்போது போகிறவர்கள் டயர் சங்கிலியும் வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் போன காலை எக்ளின்டன் பள்ளத்தாக்கில் மூட்டம் தரையோடு படுத்திருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்து மலை, நடுவே பொன்னிறப் புல்வெளி தட்டையாக நீண்டு கிடக்கும். பனியாறு, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டி ஆறு, இழைத்துவிட்டுப் போன தரை அது. கண்ணாடி ஏரிகள் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது; அங்கே பெயர்ப்பலகையைத் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறார்கள், தண்ணீரில் பார்த்தால் நேராகப் படிக்கலாம். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் சாலை 45 டிகிரி தெற்கு அட்சக்கோட்டைக் கடக்கிறது. நிலநடுக்கோட்டுக்கும் தென் துருவத்துக்கும் சரிபாதி தூரம். முப்பத்தோரு வருஷம் உலக உருண்டையில் விரலால் தொட்டுக் காட்டிய கோடு அது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன்.

பிறகு ஹோமர் சுரங்கப்பாதை. 1935-ல் உலகமே வேலையில்லாமல் தவித்த காலத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஐந்து ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் தள்ளுவண்டியும் வைத்துத் தொடங்கியது. பனிச்சரிவில் உயிர்கள் போயின. நடுவில் போர் வந்து வேலை நின்றது. 1954-ல்தான் வண்டிகள் போகத் திறந்தார்கள். நீளம் 1.2 கிலோமீட்டர். கோடையில் பகல் நேரத்தில் சிக்னல் வைத்து ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் விடுகிறார்கள்.

சிவப்பு விளக்குக்குக் காத்திருந்தபோது காரின் கூரையில் டக் டக்கென்று நடக்கிற சத்தம். கண்ணாடிக்கு மேலிருந்து ஒரு பச்சைத் தலை தலைகீழாக எட்டிப் பார்த்தது. அதுதான் கியா. பனிமலையில் வாழும் கிளி. உடம்பு மங்கலான ஆலிவ் பச்சை, இறக்கையை விரித்தால் அடியில் ஆரஞ்சு தகதகக்கும். மேல் அலகு கொக்கி மாதிரி நீண்டு வளைந்திருக்கிறது. அந்த அலகால் எங்கள் கதவு ஓரத்து ரப்பர் பட்டையைக் கவ்வி, தலையைச் சாய்த்து, ஒரு விரல் நீளத்துக்கு நிதானமாக உரித்தது. அதற்குத் தின்பண்டம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நாம் கொடுப்பதை நம்பித்தான் அது சாலைக்கு வருகிறது, வந்து அடிபட்டுச் சாகிறது. அழியும் நிலையில் இருக்கிற பறவை.

விளக்கு பச்சையானதும் உள்ளே போனோம். சுவருக்குப் பூச்சு கிடையாது, வெட்டிய பாறை வெட்டியபடியே நிற்கிறது, நீர் சொட்டுகிறது. மில்ஃபோர்டு பக்கம் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்குகிறது. அவர் பிரேக்கில் கால் வைக்காமல் கியரைக் குறைத்தார். "ஏறுற கியர்லயே எறங்கணும்" என்பது அவர் தொழிலில் படித்த முதல் பாடம்.

மில்ஃபோர்டில் பெரும்பாலும் மழைதான் என்று படித்தேன். அவ்வளவு செலவு செய்து போய் மழையில் மாட்டிக்கொண்டால் பணம் வீண்தானே?
*- வாசகி, சிவகாசி*

மழை வந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். இந்த ஒரு பதிலுக்காகத்தான் மறுபடி எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வருஷத்தில் பாதி நாளுக்கு அங்கே மழை. ஆண்டு மழை 6,000 மில்லிமீட்டருக்கு மேல். நம் கோயம்புத்தூரில் 700-ஐத் தொட்டாலே நல்ல வருஷம். காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். மேலைக்காற்று கடலை வாரிக்கொண்டு வந்து மலையில் முட்டி அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி வரும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. ஆனைமலையில் சின்னக்கல்லாறு நனைந்து கிடக்கும்போது கீழே பொள்ளாச்சிப் பக்கம் வெயில் அடிக்கும் அல்லவா, அதே கதைதான்.

மில்ஃபோர்டில் வருஷம் முழுக்க விழுகிற பெரிய அருவிகள் இரண்டே இரண்டு. லேடி போவன், ஸ்டர்லிங். இரண்டும் 150 மீட்டர் அளவு உயரம். வெயில் நாளில் போனால் இந்த இரண்டையும் நீல வானத்தையும் பார்த்துவிட்டு வரலாம், அதுவும் அழகுதான். மழை பெய்தால் மலை மலையாக அருவி கிளம்பும். நாங்கள் சுரங்கத்தை விட்டு வெளியே வந்த நொடியில் க்ளெடாவ் பள்ளத்தாக்கின் மூன்று பக்கப் பாறையிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு. எண்ணத் தொடங்கினேன், நாற்பதோடு விட்டுவிட்டேன். சில அருவிகள் தரைக்கு வந்து சேரவே இல்லை. பாதி உயரத்தில் காற்று அடித்து மறுபடி மேலேயே தூக்கிக்கொண்டு போயிற்று. மழை நின்று சில மணி நேரம் ஆனால் இவை எதுவும் இருக்காது. அவர் ஒதுக்குப்புறமாக வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. புது வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

குடையை நம்ப வேண்டாம், காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். அபாயமான கனமழை என்று சாலையை மூடிவிட்டால் மட்டும் மல்லுக்கு நிற்காதீர்கள். 2020 பிப்ரவரியில் வெள்ளம் அந்தச் சாலையையே பெயர்த்துக்கொண்டு போனது.

ஃபியார்டு என்றால் ஏரியா, கடலா? மில்ஃபோர்டை ஏன் 'சவுண்டு' என்கிறார்கள்? என் மகள் ஒன்பதாம் வகுப்பு, நீங்களே சொல்லுங்கள் டீச்சர்.
*- வாசகி, கும்பகோணம்*

கண்ணு, ஆறு மலையை அறுத்தால் பள்ளத்தாக்கு கீழே கூர்மையாகும். பனியாறு அறுத்தால் அடியும் பக்கமும் சேர்த்து இழைத்து, தொட்டி மாதிரி ஆக்கிவிடும். பனி உருகிய பிறகு அந்தத் தொட்டிக்குள் கடல் புகுந்தால் அது ஃபியார்டு. கடல் புகாமல் மழை நீரும் ஆற்று நீரும் தேங்கினால் அது ஏரி. டெ அனாவ், மானபோரி, வாகடிப்பு மூன்றும் அப்படி வந்தவை. எல்லாம் ஒரே கைவேலை.

'சவுண்டு' என்பது ஆறு அறுத்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடத்துக்குப் பொருந்தும் பெயர். கப்பலில் வந்தவர்கள் பார்த்தபடி பெயர் வைத்துவிட்டார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வைத்த பெயர் பியோபியோடாஹி, ஒற்றைப் பியோபியோ பறவை என்று பொருள். மாவி என்ற வீரன் இறந்த துக்கத்தில் ஒரு பறவை தனியாக அங்கே பறந்து வந்ததாம். அந்த இனப் பறவை இன்று உலகத்தில் இல்லை. ஃபியார்டுகளை டு டெ ராகிஃபானோவா என்ற தெய்வம் வாய்ச்சி என்ற மரம் செதுக்கும் கருவியால் செதுக்கியது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. நான் பாடத்தில் சொன்ன பனியாறும் ஒரு வாய்ச்சிதானே.

இதையும் வகுப்பில் சொல்: அவ்வளவு மழை நீரும் காட்டு இலைகளின் சாயத்தோடு கடல் நீரின் மேல் தேநீர் நிற அடுக்காக மிதக்கிறது. வெளிச்சம் கீழே இறங்குவதில்லை. அதனால் ஆழ்கடலில் வாழ வேண்டிய கருப்புப் பவளம் அங்கே பத்து மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது.

டெகாபோ, புகாகி ஏரிகளின் நீல நிறம் படத்தில் கூட்டிக் காட்டியதா?
*- வாசகர், திருச்சி*

கூட்டவில்லை. பனியாறு பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்து அனுப்புகிறது. அந்த மாவு அடியில் படியாமல் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் பாலில் நீலம் கலந்த நிறம். புகாகி கரையில் போகும்போது ஏரியின் தலைமாட்டில் 3,724 மீட்டர் மவுண்ட் குக் நிற்கும். ஆவோராகி என்பது அதன் முதல் பெயர்.

குயின்ஸ்டவுனில் எல்லாரும் சாகச விளையாட்டுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் வாகடிப்பு ஏரிக்கரையில் அரை மணி நேரம் உட்காருங்கள். நீர்மட்டம் 25 நிமிஷத்துக்குச் சற்று மேலான இடைவெளியில் ஒரு கணக்கு வைத்து ஏறி இறங்கும், 20 சென்டிமீட்டர் வரைக்கும்கூட. தொட்டியில் தண்ணீர் அலம்புவது போல மொத்த ஏரியும் அலம்புகிறது. ஏரிக்கு அடியில் கிடக்கும் மாடாவு என்ற அரக்கனின் இதயத் துடிப்பு அது என்பது மாவோரி கதை. நான் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சியின் அடி மெல்ல மெல்ல நனைந்தது.

ஊறுகாய், பொடி வகைகள் கொண்டு போகலாமா?
*- வாசகி, விருதுநகர்*

எதைக் கொண்டு போனாலும் நாட்டுக்குள் நுழைய நிரப்பும் பயண அறிவிப்புப் படிவத்தில் 'உணவு இருக்கிறது' என்று குறித்துவிடுங்கள். குறித்துவிட்டால், ஆகாது என்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். குறிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். நம் பணத்தில் கிட்டத்தட்ட இருபதாயிரம். தேனும் பழமும் வேண்டவே வேண்டாம். செருப்பு, ஷூவில் மண் ஒட்டியிருந்தாலும் கேட்பார்கள், கழுவிக்கொண்டு போங்கள். தீவு நாடு, ஒரு விதையோ பூச்சியோ உள்ளே போனால் காடே போய்விடும். அவர்கள் கண்டிப்பு நியாயம். கடையில் பாக்கெட்டாக வாங்கிய பருப்புப் பொடியைக் காட்டினோம், பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். டெ அனாவ் விடுதியில் சமையலறை இருந்தது. வெளியே ஏரிக்காற்று, உள்ளே சுடுசோறும் பருப்புப் பொடியும்.

மில்ஃபோர்டில் மணல் ஈ கடிக்கும், கை கால் மூடிய உடை போடுங்கள். அவ்வளவு அழகான இடத்தைப் பார்த்து மனிதர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்றுதான் ஹினேநுயிடெபோ என்ற தேவி அந்த ஈயை விட்டாளாம்.

அந்த நாட்டில் தமிழ் எழுத்துள்ள பழைய மணி ஒன்று இருக்கிறதாமே, பார்த்தீர்களா?
*- வாசகர், நாகூர்*

பார்க்கவில்லை. அது வடக்குத் தீவில், வெலிங்டனில் உள்ள டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாங்கள் தெற்கிலேயே இருந்துவிட்டோம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதைப் பயன்படுத்துவதைக் கண்டு வாங்கியிருக்கிறார். முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. கடல் வாணிபம் செய்த ஊர்க்காரர் நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம்.

பன்னிரண்டு நாள் இருவர் மட்டும் காருக்குள். சண்டையே வரவில்லையா? மறுபடி ஒரே ஒரு நாள் கிடைத்தால் எங்கே போவீர்கள்?
*- வாசகி, ஈரோடு*

வந்தது. எங்கள் சண்டைக்கெல்லாம் ஒரே காரணம்தான். பழைய பஸ்களில் எஞ்சின் டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும். இருபத்தெட்டு வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்ததில் அவருக்கு இடது காது மந்தம். காரில் நான் உட்காருவது அந்தக் காதுப் பக்கம். வழி சொல்வது நான். "அடுத்த ரோட்டில் திரும்புங்க" என்பதைக் கத்திச் சொன்னால் "ஏன் கத்தறே" என்பார், மெதுவாகச் சொன்னால் திருப்பத்தைத் தாண்டிவிடுவார். மூன்றாம் நாள் டெகாபோவில், பேசுவதை விட்டுவிட்டு அவர் தோளில் தட்டுவது என்று முடிவு செய்தோம். ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது. நடத்துனர் விசில் மாதிரி.

ஒரு நாள் கிடைத்தால் டவுட்ஃபுல் சவுண்டுக்குப் போவேன். 1770-ல் கேப்டன் குக், உள்ளே போனால் காற்று மறுபடி வெளியே விடுமா என்ற சந்தேகத்தில் நுழையாமலே போய்விட்டார். பெயர் அப்படி வந்தது. காரில் போக வழியில்லை. மானபோரி ஏரியைப் படகில் கடந்து, வில்மாட் கணவாயைப் பேருந்தில் தாண்டி, மறுபடி கப்பல் ஏற வேண்டும். அந்தக் கணவாய்ச் சாலையே மின்நிலையம் கட்டப் போட்டதுதான். மின்சாரத்துக்காக ஏரியின் மட்டத்தை 30 மீட்டர் வரை உயர்த்தத் திட்டம் இருந்தது. கரைக்காடெல்லாம் மூழ்கியிருக்கும். 1970-ல் 2,64,907 பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். அந்நாட்டு மக்கள்தொகையில் அது கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. ஏரி தப்பித்தது. மின்நிலையம் பூமிக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, கரை இன்னும் கரையாகவே இருக்கிறது. அந்தக் காட்டைப் பார்க்கும்போது முகம் தெரியாத அத்தனை பேரையும் கும்பிடத் தோன்றியது.

பேருந்தில் அவருக்கு முன்சீட்டு கிடைத்தது. இறக்கத்தில் ஓட்டுனரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். கீழே போனதும் போய்க் கை கொடுத்தார்.

கப்பல் ஒரு கிளைக்குள் நுழைந்ததும் கேப்டன் எஞ்சினை நிறுத்தினார், யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜெனரேட்டரும் நின்றது. அறுபது எழுபது பேர் மேல்தளத்தில் மூச்சை அடக்கி நின்றோம். தண்ணீர் அசையவில்லை. எங்கோ ஒரு பறவை இரண்டு முறை கூப்பிட்டது. அவர் வலது காதை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பிறகு மெல்லத் திரும்பி இடது காதைத் திருப்பினார். என் தோளில் ஒரு தட்டு. இடது பக்கம் பார்த்தேன். தூரத்துப் பாறையில் நூல் மாதிரி ஒரு அருவி.

"தண்ணி விழுகற சத்தம்," என்றார். "இந்தக் காதுலயும் கேக்குது கண்ணு."